"குழந்தைப் பாதுகாப்பு இணையம்" என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

திருவாரூர் மாவட்டத்தின் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்தில் இணைய நிறுவனம் ஒன்றின் முகவர்கள் வீடு வீடாக வந்து, பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே தனியான ஃபைபர் இணைப்பு என்று சொல்லி, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிச் செல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வாங்கினார்கள். அவர்கள் விற்ற பாதுகாப்பு எங்கள் இணைப்பில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் விற்கும் விதத்தை இந்த மாவட்டத்துப் பெற்றோர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

வந்த முகவரிடம் நான் முதலில் கேட்டதே, வேண்டாத தளங்களை எப்படித் தடுப்பீர்கள் என்பதைத்தான். "எங்க சர்வர்லயே ஃபில்டர் போட்டுடுவோம்க்கா, பிள்ளைங்க என்ன தட்டினாலும் தப்பான சைட் வராது" என்று உறுதியாகச் சொன்னார். மாதம் 600 ரூபாய், பாதுகாப்புக்குத் தனியாக 150 ரூபாய், ஆக ஆறு மாதத்துக்கு 4,500 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 810 ரூபாய், ரவுட்டருக்குத் திரும்பக் கிடைக்கும் முன்வைப்பு 1,500 ரூபாய் என்று 6,810 ரூபாயை யுபிஐ வழியாகப் பெற்றுக்கொண்டார். கொடுத்த ரசீதில் வரித்தொகை இருந்ததே தவிர, ஜிஎஸ்டி பதிவு எண் இல்லை. அந்த எண் பதினைந்து எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்களுக்கு 33 என்று தொடங்கும். வரி வாங்கிக்கொண்டு அந்த எண்ணை அச்சிடாத ரசீதை யார் நீட்டினாலும், பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காரணம் கேளுங்கள்.

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன் கார்ட்டூன் படம் ஒன்றைத் தேடி ஏதோ ஓர் இணைப்பைத் தொட்டபோது, ஆபாசப் படங்கள் நிறைந்த பக்கம் திறந்துவிட்டது. அவன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றான். முகவரை அழைத்தால், அது டேப்லெட்டின் கோளாறு என்றார். மறுமுறை கேட்டபோது, ஃபில்டர் சர்வரில் பராமரிப்பு நடக்கிறது என்றார். திருச்சியில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் தங்கை மகன் தொலைபேசியிலேயே வழி சொல்ல, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். தளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவையைக் குறிக்கும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்று இருந்தது. அது கூகுள் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் பொதுச் சேவை. அது ஆபாசத் தளங்களை வடிகட்டுவதில்லை. வீட்டிலிருந்த ஒவ்வொரு கருவியிலும் அதே பக்கம் தடையின்றித் திறந்தது. பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தை அழைத்துக் கேட்டபோது, குழந்தைப் பாதுகாப்பு என்ற பெயரில் தங்களிடம் எந்தத் திட்டமும் கிடையாது என்றார்கள். அந்த 150 ரூபாய் எதற்காக வாங்கப்பட்டது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இதில் எனக்கு மிகுந்த வேதனை தருவது, அவர்கள் விலை வைத்து விற்றதைப் பெற்றோர் எவரும் காசில்லாமல் தாமே செய்துகொள்ளலாம் என்பதுதான். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு. அது முகவரியைத் தர மறுத்துவிட்டால் அந்தப் பக்கம் சாதாரணமாகத் திறக்காது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் குடும்பங்களுக்கென்று 1.1.1.3, 1.0.0.3 என்ற இரு எண்களை இலவசமாகத் தருகிறது. ஓப்பன்டிஎன்எஸ் தருவது 208.67.222.123. ரவுட்டரில் இந்த எண்களை எழுதிச் சேமித்துவிட்டால், அந்த வைஃபையில் இணையும் கருவிகளுக்கெல்லாம் பொதுவாக அதுவே பொருந்தும். அதற்கும் எல்லை உண்டு. யூடியூபுக்குள் எந்தக் காணொளி வருகிறது என்பதை இது பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பை மாற்றினாலோ, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போனாலோ தடை நின்றுவிடும். ஆகவே பிள்ளையின் கருவியில் கூகுள் ஃபேமிலி லிங்க் போன்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி ஒன்றையும் சேர்த்தே அமைக்க வேண்டும். எது வந்தாலும் நாங்கள் தடுப்போம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அந்தச் சொல்லே அவரைச் சந்தேகிக்கப் போதுமானது.

வேகத்திலும் இதே கதைதான். 100 எம்பிபிஎஸ் என்று சொல்லிவிட்டு, வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே உள்ள பழைய ரவுட்டரை ரேழியில் மாட்டிச் சென்றார்கள். எங்களுடையது ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. கனத்த செங்கல் சுவர்களைத் தாண்டி மகள் படிக்கும் அறைக்கு வரும்போது அலைவரிசையில் உயிரே இருப்பதில்லை. அன்லிமிடெட் என்று சொன்ன திட்டத்தில், 300 ஜிபி தாண்டினால் வேகம் 1 எம்பிபிஎஸ் ஆகும் என்பது மாதக் கடைசியில்தான் தெரிந்தது. வரம்பு எவ்வளவு, அதுவரை என்ன வேகம், அதற்குப் பின் என்ன வேகம் என்ற மூன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. 2023 ஜனவரி முதல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் அதற்கு பிராட்பேண்ட் என்றே பெயர்.

ஐப்பசி அடைமழையில் மின்கம்பத்தில் கட்டியிருந்த ஃபைபர் அறுந்து, பெட்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியத் தொடங்கியது. முகவரின் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் பார்த்ததற்கான நீலக் குறி வரும், ஆள் வரமாட்டார். புகாருக்கு எண் எதுவும் தரப்படவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியின் மின்கம்பங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, கம்பி எந்த வழியாக வருகிறது, அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்கள் என்று இணைப்பு வாங்கும்போதே கேட்பது எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிப் பணத்தைக் கேட்டபோது, முன்பணம் திரும்பாது என்றார் முகவர். முகவர் வாங்கிய தொகைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றது நிறுவனம். ரவுட்டரை எடுத்துச் சென்ற பிறகும் அந்த 1,500 ரூபாய் வரவில்லை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, டாக்கெட் எண் எனப்படும் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணைய இணைப்புத் தகராறை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று முகவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாடுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ரசீது கிடைக்காதவர்கள் யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும், முகவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும், ரவுட்டரின் டிஎன்எஸ் பக்கத்தைத் தேதி தெரியும்படி எடுத்த படத்தையும், ரவுட்டரை அவர்கள் எடுத்துச் செல்வதற்கு முன்பே சேமித்து வையுங்கள்.