லாட்ஜுக்கு வைஃபை போடுகிறவர்கள் கவனத்துக்கு: கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவனிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அருவியில தண்ணி விழுதா?" இரண்டாவது, "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" முதலாவதற்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவதில்தான் ஒரு ஆளிடம் வசமாக ஏமாந்தேன். குற்றாலம், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சீசனுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

என்னுடையது மூன்று மாடி, 18 அறை, ஒரே கட்டடம். முந்தின வருஷம் பங்குனியில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஆறு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) போட்டால் மூலை முடுக்கெல்லாம் கிடைக்கும் என்றார். கேபிள், பாயிண்டுகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், கூலி எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். துண்டுச் சீட்டில் "வைஃபை வேலை முழுவதும்" என்று எழுதிக் கொடுத்தார். மாடல் எண் இல்லை, ஜிஎஸ்டி இல்லை. நானும் கேட்கவில்லை. பாயிண்டுகளின் செட்டிங்கை மாற்றுகிற அட்மின் பாஸ்வேர்டை மட்டும் கேட்டேன். "அது எதுக்கு அண்ணாச்சி ஒங்களுக்கு? எல்லாத்தையும் என் போன்லயே பாத்துக்கிடுதேன்" என்றார். அப்போது அது எனக்கு வசதியாகத்தான் பட்டது.

முதல் சீசன் ஓடிவிட்டது. அடுத்த ஆனியில் போன் வந்தது. "கன்ட்ரோலர் லைசென்ஸ் முடியுது, 9,000 அனுப்புங்க." கன்ட்ரோலர் என்றால் எல்லாப் பாயிண்டையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சாப்ட்வேர். அப்படி ஒன்று உண்டு என்று முன்பு சொல்லவே இல்லையே என்றேன். கம்பெனி ரூல் என்றார். பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. குளிக்கத் தடை. தடை நாள் எப்படி இருக்கும் என்று லாட்ஜ்காரர்களுக்குத் தெரியும். குடும்பம் குடும்பமாக அறைக்குள்ளேயே உட்கார்ந்து போனைத் தேய்ப்பார்கள். சரியாக அன்று காலை பத்து மணிக்கு எங்கள் வைஃபை பெயரே காணாமல் போனது. எண்ணெய் தேய்த்த தலையோடு ஒரு மதுரைக்காரர் ரிசப்ஷனுக்கு வந்து, "குளிக்கவும் விடல, இதுவும் இல்லன்னா எப்படிங்க?" என்றார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேர். போன் போட்டேன். "லைசென்ஸ் முடிஞ்சா நின்னுரும் அண்ணாச்சி." வேறு வழியில்லாமல் பணத்தை அனுப்பினேன். நாலே நிமிஷத்தில் வைஃபை வந்துவிட்டது.

அந்த நாலு நிமிஷம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆடிக் கொடைக்கு என் அக்கா மகன் வந்தான். திருவனந்தபுரத்தில் நெட்வொர்க் வேலை. கேட்டதும் சிரித்தான். "மாமா, இந்த மாடலுக்கு லைசென்ஸே கெடையாது. கன்ட்ரோலர் சாப்ட்வேர் சும்மா தாராங்க. அத அணைச்சாலும் பாயிண்டு எல்லாம் பழைய செட்டிங்குலயே ஓடும். அவரு அங்க இருந்து நிப்பாட்டிருக்காரு." வருஷச் சந்தா வாங்கும் கம்பெனிகளும் உண்டாம், கட்டாவிட்டால் பாயிண்டுகள் நின்றே போகுமாம். ஆனால் அதை விற்கும்போதே சொல்ல வேண்டும்.

அப்புறம் ஏணி போட்டு ஏறினான். கேபிள் நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம். செம்பு என்றுதான் காசு வாங்கியிருந்தார். மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் பாயிண்டுக்குப் போகிறது. இந்த மாதிரிக் கம்பியில் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மூன்றாம் மாடிக் கோடி வரை இழுத்தால் அங்கே போய்ச் சேரும்போது மின்னழுத்தம் குறைகிறது. அந்தப் பாயிண்ட் மட்டும் அடிக்கடி தானாக அணைந்து எரிந்ததன் ரகசியம் அன்றுதான் தெரிந்தது. சாரல் காற்றுதான் காரணம் என்று ஒரு வருஷம் நம்பியிருந்தேன்.

ஆறு பாயிண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரே தடத்தில், அதாவது 6-ஆம் சேனலில், முழுப் பவரில் கத்திக்கொண்டிருந்தன. பிறகு கணக்கு என் கைக்கு வந்ததும் (அதைக் கீழே சொல்கிறேன்) 1, 6, 11 என்று பக்கத்துப் பக்கத்துப் பாயிண்டுக்கு மாற்றிப் போட்டு, பவரைக் குறைத்ததும் பாதிப் புகார் தீர்ந்தது. பவர் கூடக்கூட நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி வைத்தால் போன், பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பதையே பிடித்துத் தொங்குமாம்.

இன்னொன்று. ஒருநாள் ரிசப்ஷன் பிரிண்டர் தானாக ஓடி, யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக் படம் வந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தோம். விருந்தினர் போனும் எங்கள் பில் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தன என்று மருமகன் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷத்து ஆதார் நகல்கள் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. இப்போது விருந்தினருக்குத் தனி நெட்வொர்க்.

பாயிண்டுகளை எல்லாம் நிர்வகிக்கும் கணக்கு அந்த ஆள் பெயரில் இருந்தது. அதை என் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னேன். முதலில் 15,000 கேட்டார், பிறகு போனையே எடுக்கவில்லை. ஐந்து பாயிண்டுகளை ரீசெட் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தி, என் மெயிலில் புதுக் கணக்குத் திறந்து சேர்த்தான் மருமகன். ஆறாவது வேறு கம்பெனி. சீரியல் எண் பழைய கணக்கில் பதிந்திருப்பதால், ரீசெட் செய்தாலும் அவர் விடுவிக்காமல் நமக்கு வராது.

அதனால் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் போனில், உங்கள் மெயிலில், உங்கள் கையால் உள்ளே நுழைந்து எல்லாப் பாயிண்டும் பச்சையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஓனர் என்று உங்கள் பெயர் இருக்க வேண்டும். அவருக்குத் தனி லாகின் கொடுத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் வேண்டும். கேபிளைச் சுரண்டிப் பார்க்கப் பிளேடு மூன்று ரூபாய்தான்.

அந்த ஆறாவது, மாடிப்படி உச்சியில் இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் புகை வந்தால் கூவுகிற கருவி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.