கட்டட வேலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வி.ஆர். ஹெட்செட்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பாவித்ததில் தெரிந்தவை

கொங்கிரீட் போட்டுக் களைத்துப்போன மேசன்மாரையும் கையாட்களையும் கதிரையில் இருத்தி சிலைட் காட்டினால் கண் சொருகிவிடும். கண்ணை மூடி மாட்டி, உண்மைபோல் காட்சிக்குள் நிற்க வைக்கும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட் மாட்டியவர் தூங்குவதில்லை. அதுவே பெரிய இலாபம்தான். ஆனால் மாட்டிக் கழற்றியதோடு பயிற்சி முடிந்துவிட்டதென்று எண்ணக்கூடாது. ஆபத்தைக் கண்ணால் பிடிக்க வி.ஆர். பழக்கும், கைவேலையைப் பழக்காது. ஹார்னஸ் (விழாமல் பிடிக்க உடலில் கட்டும் பட்டி) வாரை இறுக்குவதையும் ஏணியை மேலே கட்டுவதையும் உண்மைப் பொருளைக் கையில் கொடுத்துத்தான் பழக்க வேண்டும்.

மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3 ஹெட்செட் இரண்டுமே இந்த வேலைக்குப் போதும். ஒன்று 503 கிராம், மற்றது 515 கிராம். இரண்டிலும் சார்ஜ் இரண்டு மணித்தியாலம் அல்லது கொஞ்சம் கூட நிற்கும். ஒருவருக்குக் காட்சி 10 முதல் 12 நிமிடம். மாட்டுவது, சரிபார்ப்பது, துடைப்பது எல்லாம் சேர்த்தால் 20 நிமிடம். இருபது பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு ஹெட்செட்டும் அரைநாளும் தேவை. நாட்கூலிக்காரருக்கு அந்த அரைநாள் சம்பளம் வெட்டப்படாது என்று முதலே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உடல்தான் அங்கே நிற்கும், மனம் கூலியில் இருக்கும்.

இரு கண்மணிக்கும் இடையிலான தூரத்துக்கு ஏற்ப வில்லைகளைச் சரிசெய்வதில் அவசரப்படாதீர்கள். குவெஸ்ட் 2 இல் 58, 63, 68 மில்லிமீற்றர் என்று மூன்றே நிலைகள். குவெஸ்ட் 3 இல் சக்கரத்தைச் சுழற்றி நுணுக்கமாக வைக்கலாம். இது பிழைத்தால் காட்சி மங்கும், தலை இடிக்கும். மூத்த மேசன்மார் இந்தச் சாமான் இப்படித்தான் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள். திரையில் பெரிய எழுத்தொன்றைக் காட்டி, ஓரம் கூராகத் தெரிகிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

இங்கே ஹெட்செட்டுக்கு முதல் எதிரி வெக்கை. தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவு 35 பாகை செல்சியஸ். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தகரக் கொட்டில் முற்பகலிலேயே அதைத் தாண்டிவிடும். ஹெட்செட் சூடேறி இடையில் நின்றுவிடும். காலை 7 மணிக்கே தொடங்கி, வெக்கை ஏறுமுன் முடிப்பதே நல்லது. நெற்றி வியர்வை பஞ்சில் ஊறும், தலையில் வைத்த தேங்காயெண்ணெய் வாரில் பிடிக்கும். முகம் படும் இடத்துக்குக் கழுவக்கூடிய சிலிக்கன் உறை போட்டு, ஆளுக்கொரு கடதாசி முகமறைப்பும் கொடுத்தால் அருவருப்பு இல்லாமல் மாட்டுவார்கள். வில்லையை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். ஸ்பிரிட் பட்டால் மேற்பூச்சு கெடும். கழற்றிய ஹெட்செட்டை வெயிலில் வைக்கவே வேண்டாம். வில்லை வழியே குவியும் வெளிச்சம் உள்ளே திரையைச் சுட்டுவிடும், அதற்குத் திருத்தம் கிடையாது.

இடம் 2 மீற்றருக்கு 2 மீற்றர் வெறுந்தரையாக இருக்கட்டும். வெறும் வெள்ளைச் சுவரும் அரையிருட்டும் ஹெட்செட்டின் கமராக்களைத் தடுமாற வைக்கும். சுவரில் நாலு படமோ கலண்டரோ தொங்கவிட்டாலே போதும். உயரக் காட்சிக்கு 9 அங்குலப் பலகையொன்றைத் தரையில் போட்டு, வெறுங்காலோடு ஏறச் சொல்லலாம். சாரத்தில் நடக்கும் பயம் நிசமாகவே வரும். அதனால்தான் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். அவர் சொல்லாமல் தோளைத் தொடக்கூடாது, பேசிவிட்டே பிடிக்க வேண்டும். காட்சிக்குள் கைப்பிடியிலுள்ள குச்சியைத் தள்ளி நடக்கும் முறை குமட்டலைத் தரும்: கண் நடப்பதாகச் சொல்லும், சமநிலை உணரும் உட்காது நிற்பதாகச் சொல்லும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் முறையை வையுங்கள். முன்னால் ஒரு மேசை விசிறி ஓடினால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்ற உணர்வும் இருக்கும். வலிப்பு, இருதய நோய், காதுக் கோளாறால் வரும் தலைச்சுற்று உள்ளவர்களுக்கு ஹெட்செட் வேண்டாம். மற்றவர்களும் கழற்றிய உடனே சாரத்தில் ஏறவோ மோட்டார் சைக்கிள் ஓடவோ விடாமல் அரை மணித்தியாலம் இருத்துங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை உள்ளடக்கத்தில் இருக்கிறது. விலைக்குக் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் வானுயர் கட்டடத்தையும் கோபுரக் கிரேனையும் காட்டுகின்றன. நம் பக்கத்து வேலை இரண்டு, மூன்று மாடிதான். இதனால் ஹார்னஸ் மாட்டினால் எந்த உயரத்திலும் தப்பலாம் என்ற ஆபத்தான பிழை மனதில் ஏறுகிறது. அதிர்ச்சி தாங்கி பூட்டிய 2 மீற்றர் கயிறு பிடித்து நிறுத்த எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்: கயிறு 2 மீற்றர், தாங்கி கிழிந்து நீள்வது 1.75, முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை 1.5, காப்பு இடைவெளி 1. மொத்தம் 6.25 மீற்றர், அதாவது கொக்கி மாட்டிய இடத்திலிருந்து நிலம்வரை ஏறத்தாழ 20 அடி. முதலாம் மாடி சிலாப் விளிம்போ 10, 11 அடி உயரத்தில் இருக்கிறது. காலடியில் கொக்கியை மாட்டியவர் கயிறு இறுகுமுன் நிலத்தில் மோதிவிடுவார். அங்கே தேவை விளிம்புத் தடுப்பு. இல்லாவிட்டால் விளிம்பை எட்டவே விடாத குட்டைக் கயிறு. இதைப் பாடங்கள் பெரும்பாலும் தானாகச் சொல்வதில்லை, பயிற்றுநர்தான் சொல்ல வேண்டும்.

குழி வெட்டும் பாடமும் இப்படித்தான். காட்டப்படுவது செங்குத்தாக நிற்கும் களிமண் சுவர். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுக் கரையோர மணல் அப்படி நிற்காது. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்தால் அடியிலிருந்தே கரையும். மணலில் 5 அடி ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஏழரை அடி சரிவு விட வேண்டும். நெருக்கமான வளவில் அதற்கு இடமிராது, எனவே பலகையும் முட்டும் கட்டாயம். ஒரு கனமீற்றர் ஈரமணல் ஏறக்குறைய 2 தொன். நெஞ்சளவு மூடினாலே மூச்செடுக்க முடியாது.

மின்கம்பிப் பாடத்தில் வேறொரு சிக்கல். 33,000 வோல்ட் மின்கம்பிக்குக் கீழே 20 அடி இரும்புக் கம்பியை நிமிர்த்தும் காட்சியில் பலர் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஹெட்செட்டின் பாரம் கழுத்தைத் தூக்கவிடாது, மேல்நோக்கிய பார்வைப் பரப்பும் குறுகியது. அதற்காகப் பாடத்தில் அவர் எடுக்கும் புள்ளியைக் குறைத்தால் அநியாயம். வெளியே கூட்டிப்போய் உண்மை மின்கம்பியைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மலிவான வழி, சொந்தத் தளத்தை, சுற்றிவர எல்லாப் பக்கமும் ஒரே தடவையில் எடுக்கும் 360 பாகைக் கமராவில் படமெடுப்பது. கண்மட்டமான 1.6 மீற்றரில் கமராத் தாங்கியை நிறுத்தி, எந்தப் பொருளும் கமராவுக்கு ஒரு மீற்றருக்குள் வராமல் எடுங்கள்; கிட்ட வந்தால் கமராவின் இரு வில்லைகள் எடுக்கும் படங்கள் ஒட்டும் கோட்டில் அது வெட்டுப்படும். வீடியோவை விட நிழற்படமே தெளிவு. 5.7கே வீடியோ முழுவட்டத்துக்கும் பரவுவதால் ஒரு பாகைக்கு 16 படப்புள்ளிதான் (பிக்சல்) மிஞ்சும், எச்சரிக்கைப் பலகையை வாசிக்க முடியாது. தடுப்பில்லாத படிக்கட்டு, தோல் உரிந்த வயர், ஆணி நீட்டிய பலகை என்று ஒரு படத்தில் ஐந்தாறு ஆபத்துக்கு மேல் வைக்காதீர்கள். அடுத்த முறை இடத்தை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் இரண்டாம் முறை புள்ளி ஏறும், அது ஞாபகசக்தி மட்டும்தான்.

சாரத்திலிருந்து விழும் காட்சியைக் கடைசிக்கு வையுங்கள். விழுந்தும் நோகவில்லை என்று இளம் பொடியன்மார் சிரிப்பார்கள். கழற்றியதும் பத்து நிமிடம் உட்கார்ந்து, கடைசியாக எந்த இடத்தில் நின்றிருந்தால் தப்பியிருக்கலாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ஹெட்செட் பார்வையை டப்லெட்டில் மற்றவர்களுக்கும் காட்டினால் இந்தப் பேச்சு தானாக வரும்.

வாங்க நினைக்கும் ஒப்பந்தக்காரர் முதலில் தடுப்புக் குழாய், சாரப் பலகை, சரியான ஹார்னஸ் ஆகியவற்றுக்குக் காசு ஒதுக்கட்டும். பிறகு மூன்று, நாலு பேர் சேர்ந்து இரண்டு ஹெட்செட்டும் ஒரு 360 கமராவும் வாங்கிச் சுழற்சியில் பாவிக்கலாம். பாடம் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இணையம் இல்லாமல் ஓடுமா, குரலை நம் பேச்சில் மாற்றித் தருவீர்களா. முதல் கேள்விக்கு ஓம் என்றாலும், வைஃபையை நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.