ஆள் தேவைப்படும் விளையாட்டு: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்

பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் இந்த ஆன்லைன் விளையாட்டில், எல்வின் காட்டின் தென்மேற்கு மூலையில் ஹாகர் என்றொரு கழுதைப்புலி முகத்து அரக்கன் திரிகிறான். அவனுடைய நிலை (லெவல்) 11; அவன் தலைக்கு விலை வைத்த அறிவிப்பைப் படித்துவிட்டு அங்கே போய்ச் சேரும் புதிய ஆட்டக்காரர் பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது நிலையில்தான் இருப்பார். தனியாக மோதினால் சிறிது நேரத்தில் கதை முடிந்துவிடும். நான் இரண்டாவது முறை செத்து, கல்லறையிலிருந்து ஆவியாக நடந்து என் உடலிருந்த இடத்துக்கு வந்தபோது, பக்கத்திலேயே இன்னொருவரின் உடலும் கிடந்தது. இருவரும் உயிர்பெற்று எழுந்ததும் அவரிடமிருந்து குழு அழைப்பு வந்தது; அந்த வழியாகப் போன, காயம் ஆற்றத் தெரிந்த ஒருவரும் சேர்ந்துகொண்டார். ஹாகர் விழுந்தான். அதன் பிறகு நாங்கள் மூவரும் ஒரு மணி நேரம் சேர்ந்தே சுற்றினோம்.

2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் தொடக்கக் கால வடிவத்தை, பிளிசார்ட் நிறுவனம் 2019 ஆகஸ்டில் ‘கிளாசிக்’ என்ற பெயரில் மீண்டும் திறந்தது. பழைய உருவங்கள், கரடுமுரடான கிராஃபிக்ஸ், 60-ஆம் நிலையோடு முடிந்துவிடும் வளர்ச்சி என எல்லாமே அந்தக் காலத்தவை. இதை ஆடிவிட்டு இன்றைய ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் திரும்பினால், அவற்றில் எது இல்லை என்பது உடனே உறைக்கிறது. அழகுக்கோ வசதிக்கோ அங்கே குறைவில்லை. பக்கத்தில் நிற்கும் மனிதர் நமக்குத் தேவைப்படுவதில்லை, அவ்வளவுதான்.

டெட்மைன்ஸ் என்ற சுரங்கம் ஒரு ‘டஞ்சன்’, அதாவது குழுவாகப் புகுந்து எதிரிகளை வீழ்த்தும் இடம்; அதற்குள் போக ஐந்து பேர் வேண்டும். கிளாசிக்கில் அந்த ஐவரை நகரத்துச் சாட்டில் கூவித்தான் சேர்க்க வேண்டும். அடி தாங்கும் டாங்க் கிடைத்தால் காயம் ஆற்றும் ஹீலர் கிடைப்பதில்லை, ஹீலர் கிடைக்கும்போது டாங்க் சாப்பிடப் போயிருப்பார். எல்லோரும் சேர்ந்த பிறகு வெஸ்ட்ஃபால் வயல்களைக் கடந்து சுரங்கம் இருக்கும் மூன்புரூக் வரை காலால் நடக்க வேண்டும், ஏனென்றால் குதிரை வாங்க 40-ஆம் நிலை வரை காத்திருக்க வேண்டும், கஷ்டப்பட்டுத் தங்கமும் சேர்க்க வேண்டும். இந்த நடையில்தான் பேச்சு தொடங்குகிறது. மந்திரவாதி வரவழைத்த தண்ணீரை, தண்ணீர்ப் பந்தலில் நிற்பவரைப் போல ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்கிறார். பாதியில் ஒருவர் கழன்றுகொண்டால் மற்ற நால்வரின் மாலைப்பொழுதும் வீண் என்பதால் சும்மா யாரும் போவதில்லை. போனவருடைய பெயர் அந்தச் சர்வரில் (விளையாட்டு உலகின் தனித்தனிப் பிரதிகளில் ஒன்று) கொஞ்ச நாளைக்கு நினைவிருக்கும்.

2009 டிசம்பரில் வந்த 3.3 பதிப்பு இந்தத் தேடலை ஒரு பொத்தானுக்குள் அடக்கியது. டஞ்சன் ஃபைண்டர் என்ற அந்த வசதி வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து, நின்ற இடத்திலிருந்தே சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டது. அதே பதிப்பில்தான் குவெஸ்ட், அதாவது நமக்குத் தரப்படும் பணி, எங்கே நடக்கிறது என்பதை வரைபடத்திலேயே குறித்துக் காட்டும் வசதியும் வந்தது. வழி கேட்கவும் யாரும் வேண்டியதில்லை என்றாகிவிட்டது. வேலைக்குப் போய், பிள்ளைகளைத் தூங்கவைத்து, மிச்சமிருக்கும் முக்கால் மணி நேரத்தில் ஆட உட்காருபவருக்கு இது பெரிய உதவி என்பதை மறுக்க மாட்டேன். நானும் அந்தப் பொத்தானை நன்றியோடு அழுத்தியவன்தான். ஆனால் அப்படி அழுத்திச் சேர்ந்த நால்வரில் ஒருவருடைய பெயர்கூட இப்போது என் நினைவில் இல்லை. அதே பாதையில் பிறகு இன்னும் தூரம் போயிருக்கிறார்கள்: 2024 தொடக்கத்தில் நவீன வார்கிராஃப்டில் மீதி நான்கு இடங்களையும் கணினியே இயக்கும் துணைவர்களால் நிரப்பிக்கொள்ளும் டஞ்சன்கள் வந்தன, ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இன்னொரு ஆன்லைன் விளையாட்டிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அந்தத் துணைவர்கள் நன்றாகவே சண்டையிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு போவதும் இல்லை.

இதற்காகக் கிளாசிக்கைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. மந்திரவாதி, ஹீலர் போன்ற பாத்திர வகைகளில் சிலவற்றின் ஆட்டம் இரண்டு மூன்று பொத்தான்களோடு முடிந்துவிடுகிறது. பையில் இடம் கிடையாது. பத்துப் பன்றிகளின் ஈரலைக் கொண்டுவரச் சொன்னால், முப்பது பன்றிகளைக் கொன்ற பிறகும் ஏழு ஈரல்தான் கையில் இருக்கும். அந்தப் பன்றிகளுக்கு ஈரலே இல்லையோ என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வது நியாயமே. தாமதமாகத் தொடங்குபவருக்கு ஆரம்பப் பகுதிகள் ஆளரவமற்றுக் கிடக்கும். தேவைப்படும் ஆள் இல்லாத இடத்தில் இந்த விளையாட்டைப் போல வறண்டது வேறில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆட்டக்காரர்களிடமே இருக்கிறது. எரிமலைக்குள் இருக்கும் ராக்னராஸ் என்ற பெரும் எதிரியை முதன்முதலில் வீழ்த்த, விளையாட்டு வெளிவந்ததிலிருந்து 2005 ஏப்ரல் வரை ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. கிளாசிக் திறந்தபோது ஒரு வாரத்துக்குள் அவன் விழுந்துவிட்டான். பதினைந்து வருட அறிவு எல்லோர் கையிலும் இருக்கும்போது பழைய திகைப்பு எப்படித் திரும்பும்? தங்கம் கொடுத்தால் பலசாலி ஒருவர் நம்மை மூலையில் நிற்கவைத்துவிட்டு, டஞ்சனை ஒற்றை ஆளாகச் சுத்தம் செய்து நிலையை ஏற்றித் தரும் வியாபாரமும் சாட்டில் ஓயாமல் நடந்தது. அடுத்தவர் தேவைப்படும்படி கட்டிய உலகத்திலும், தேவைப்படாமல் இருக்க வழி தேடுபவர்கள் நாம்தான். அதே சமயம், திறந்த நாட்களில் ஒரே எதிரிக்காக அத்தனை பேர் காத்திருந்தபோது, யாரும் சொல்லாமலே சில இடங்களில் ரேஷன் கடை போல வரிசையில் நின்று முறை வைத்து அடித்ததும் இதே விளையாட்டில்தான்.

2023 ஆகஸ்டில் வந்த ‘ஹார்ட்கோர்’ சர்வர்கள் இந்தச் சிக்கலுக்கு ஓரளவு மருந்து. அங்கே ஒருமுறை செத்தால் அந்தப் பாத்திரத்தின் ஆட்டம் முடிந்தது. எல்லாம் தெரிந்தவரும் குகைக்கு வெளியே நின்று, இன்னொருவர் வருகிறாரா என்று பார்க்கிறார். இரண்டு எதிரிகள் சேர்ந்து துரத்தும்போது, முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட அந்தச் சில நொடிகளுக்கு இணையாக, அண்மையில் ஆடிய எந்தப் புதிய விளையாட்டிலும் எனக்கு ஒன்று வாய்க்கவில்லை.

மாதச் சந்தா ஒன்றே நவீன வடிவத்துக்கும் கிளாசிக்குக்கும் செல்லும். கிளாசிக்கைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர் ஆள் நடமாட்டமுள்ள சர்வராகப் பார்த்துச் சேர வேண்டும். ஐரோப்பியச் சர்வர்களில் கூட்டம் களைகட்டும் இரவு எட்டு மணி நமக்கு நள்ளிரவை ஒட்டிய நேரம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மனிதர் இனத்தைத் தேர்ந்தெடுத்தால் சில மணி நேரத்தில் ஹாகரிடம் போய்ச் சேர்வீர்கள். அங்கே யாராவது தயங்கி நின்றுகொண்டிருந்தால், முதல் அழைப்பை நீங்களே அனுப்புங்கள்.