கொழிஞ்சாம்பாறை நாய் கிளினிக்: ரத்த டெஸ்டுக்கு நம்பிப் போகலாம்

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறவர்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கேரளப் பக்கம் தாராளமாகப் போகலாம். எங்கள் லேப்ரடார் குண்டாகிக்கொண்டே போனான், எப்பவும் படுத்தே கிடந்தான், அதனால்தான் கூட்டிப்போனோம். போனிலேயே 12 மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டிருந்தால் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பால் மாதிரி கலங்கி, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பின் அளவு தப்பாகக் காட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடாமல் டாக்டரம்மா பேனாவால் வட்டம் போட்டு மலையாளமும் தமிழும் கலந்து விளக்கியதுதான். கல்லீரலுக்காகப் பார்க்கிற ஏஎல்பி என்கிற என்சைம் கூடியிருந்தது. அதற்காகக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, நாய்களுக்கு ஸ்டீராய்டாலும் குஷிங் நோயாலும் (உடம்பே கார்டிசோல் ஹார்மோனை அதிகமாகச் சுரப்பது) ஏறும், சொறிக்கு ஊசி எதுவும் போட்டீர்களா என்று கேட்டார். போட்டிருந்தோம்! கொலஸ்ட்ராலும் அதிகம், உடம்பும் கூடுகிறது, அப்போ தைராய்டையும் பார்த்துவிடலாம் என்று டி4 என்கிற தைராய்டு ஹார்மோன் டெஸ்ட் எழுதினார். சர்க்கரை நார்மல். ஒருவேளை கூடியிருந்தால் ஃப்ரக்டோசமைன் என்கிற டெஸ்டும் பார்த்திருப்பார்களாம், அது கடந்த 2, 3 வாரத்தின் சராசரி சர்க்கரை அளவைச் சொல்லும்.

குறை என்றால், டி4 சாம்பிள் வெளி லேபுக்குப் போவதால் ரிசல்ட் தாமதம். ஞாயிறு கூட்டம் அதிகம், வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள்.