‘சுத்தச் செம்பு’ என்று விற்கிற மைக் கேபிள்: வன்னியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் ஒலிப்பதிவு அறை வைத்திருப்பவர்கள், திருவிழாக்களுக்கு சவுண்ட் கட்டுபவர்கள், புதிதாக பேட்ச்பே பொருத்த நினைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வவுனியாவில் ஒரு கடையில் சுத்தச் செம்பு என்று பில்லிலேயே எழுதித் தந்த மைக் கேபிள், உண்மையில் செம்பு பூசிய அலுமினியம். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய விதம் எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. அதைத்தான் விவரமாகச் சொல்லப் போகிறேன்.

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ. கோயில் பாட்டுகள், பாடசாலை நிகழ்ச்சிகளுக்கான இசை என்று வேலை வரும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கூத்துப் பாட்டுப் பதிவு. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்தை வழிவழியாகப் பாடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் வயதுபோன அண்ணாவிமாரின் (கூத்துப் பழக்கும் ஆசான்களின்) குரல் இருக்கும்போதே பதிவாக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் மைக் பிரீஅம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் கருவி), கொம்பிரெசர், இன்டர்பேஸ் எல்லாவற்றையும் ஒரு பேட்ச்பேயில் கொண்டுவந்து சேர்த்தேன்.

பேட்ச்பே தெரியாதவர்களுக்கு: கருவிகளின் பின்பக்க வயர்கள் எல்லாம் ஒரு பலகையில் வந்து நிற்கும். முன்பக்கம் சிறு வயர் ஒன்றைச் செருகி, எதை எதோடு வேண்டுமானாலும் இணைக்கலாம். எதுவும் செருகாவிட்டாலும் மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைக்கு ஒலி தானாக ஓடும்படி வைத்திருப்போம். ஆகவே பின்பக்கத்தில் ஓர் ஈயப்பற்று (ஈயம் உருக்கி வயரை ஒட்டிய இடம்) கெட்டால், அது அந்த வழியாக எடுக்கும் எல்லாப் பதிவிலும் கேட்கும். 48 துளைப் பலகைக்கு 48 கேபிள். பேலன்ஸ்ட் கேபிள் (ஒலிக்கு இரண்டு கம்பி, இரைச்சலைத் தடுக்கச் சுற்றிய ஷீல்ட் ஒன்று) என்பதால் ஒரு நுனிக்கு மூன்று ஈயப்பற்று, இரண்டு நுனிக்கும் ஆறு. மொத்தம் 288 பற்று. கேபிள் பொய்யாக இருந்தால் இந்த 288 இடமும் சந்தேகத்துக்குரிய இடம்தான்.

கடையில் நடந்தது இதுதான். எனக்குச் செம்புக் கேபிள்தான் வேண்டும், அலுமினியம் கலந்தது வேண்டாம் என்று தெளிவாகவே கேட்டேன். கடைக்காரர் மேசைக்குக் கீழிருந்து ஒரு முழத் துண்டை எடுத்து என் கையில் தந்தார்.

“உரிச்சுப் பாருங்கோ தம்பி. ஒறிஜினல் செம்பு. கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோகலாம்.”

உரித்துப் பார்த்தேன். சுரண்டியும் பார்த்தேன். உள்ளேயும் சிவப்பு. நல்ல செம்புதான். பிறகு பையன் உள்ளே போய்ப் பெரிய சுருளிலிருந்து அளந்து வெட்டிக் கட்டிக்கொண்டு வந்தான். மேலுறையின் நிறமும் அதில் அச்சடித்த எழுத்தும் மாதிரித் துண்டில் இருந்தது போலவேதான். மாதிரி ஒரு சுருளில் இருந்தது, சரக்கு வேறு சுருளில் இருந்தது. அங்கேதான் ஏமாற்று.

வீட்டில் ஈயம் பிடிக்கும்போதே வித்தியாசம் தெரியத் தொடங்கிவிட்டது. உரிக்கிறபோது இழைகள் கத்தி பட்டதுமே முறிந்தன. ஈயம் இழைக்குள் ஊறி இறங்காமல் மேலே உருண்டு நின்றது. ஈயம் உருக்கும் அயனை இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் ஒட்டியது போலத் தெரியும். ஆறிய பிறகு இழுத்தால் இழை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஓர் இழையை எடுத்து பிளேடால் மெதுவாகச் சுரண்டினேன். சிவப்புப் போய் உள்ளே வெள்ளி நிறம். வெட்டிய முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு வளையம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கம்பியில் செம்பு வழக்கமாக கன அளவில் 10 அல்லது 15 சதவீதம்தான். 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஓர் இழையில் 10 சதவீதம் என்றால் செம்புத் தோலின் தடிப்பு 3 மைக்ரோன்கூட வராது. சூடான ஈயத்தில் இருக்கும் தகரம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அவ்வளவு மெல்லிய தோல் கரைந்து போக அதிக நேரம் வேண்டாம். தோல் போன பிறகு அலுமினியத்தின் மேல் உடனே ஒரு ஒக்சைட் படலம் உண்டாகும். நாங்கள் பாவிக்கிற குங்கிலியம் கலந்த ஈயத்துக்கு அந்தப் படலத்தை அகற்றும் சக்தி இல்லை. ஆகவே பற்று என்று வெளியே தெரிவது வெறும் மேல்பூச்சு.

நான் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனேன். அவர் செய்தது என்ன தெரியுமா? மீற்றரை எடுத்து இரண்டு நுனியிலும் வைத்தார். கீ என்று சத்தம் வந்தது.

“கரண்ட் போகுது, பாருங்கோ. வயரில பிழையில்லை. நீங்கள் ஈயம் வைக்கிற விதம்தான் பிழை.”

“அண்ணை, பில்லில செம்பு எண்டுதானே எழுதித் தந்தனீங்கள்?”

“எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகினம். ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்லை. வெட்டின வயரைத் திருப்பி எடுக்க ஏலாது.”

மீற்றரில் சத்தம் வரும், அது உண்மை. அலுமினியமும் மின்சாரத்தைக் கடத்தும். செம்பின் கடத்துதிறனில் ஏறத்தாழ 61 சதவீதம் அதற்கு உண்டு. லைன் சிக்னல் (பிரீஅம்ப் பெரிதாக்கிய பிறகு வருவது) போகும் சில மீற்றர் கேபிளில் தடை கொஞ்சம் கூடினால் காதுக்கு ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் அடுத்த கருவியின் உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் அளவில் இருக்கும். இந்தக் கம்பியின் கேடு இருப்பது பற்றில், வளைவில், ஈரத்தில். மீற்றர் இதில் எதையும் காட்டாது. அவருக்கு அது நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாதவர் மாதிரிக்கு உண்மைச் செம்பைத் தனியாக எடுத்து வைத்திருக்க மாட்டார்.

இதற்கிடையில், முதலில் செய்து முடித்த கேபிள்கள் பலகையில் ஏறியிருந்தன. மாரி மழை தொடங்கியது. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். ஒவ்வொரு வழியாகக் கரகரப்பு வரத் தொடங்கியது. பேலன்ஸ்ட் கேபிளில் இரண்டு கம்பியில் ஒன்று அறுந்தால் ஒலி முழுவதும் நிற்காது. மெலிந்து போகும், இரைச்சலை வடிகட்டும் சமநிலையும் கெடும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் ஹம் என்கிற இரைச்சலும் அதன் மடங்குகளும் பாட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓர் அண்ணாவியார் வந்து மூச்சைப் பிடித்துப் பாடிய விருத்தம் ஒன்று இப்படி நடுவில் மெலிந்து, மறுபடி ஏறி, கரகரத்துக் கிடக்கிறது. அவருக்கு இப்போது உடம்பு முடியாது. கேபிளுக்குக் கொடுத்த காசை நான் மறந்துவிடுவேன், இதை மறக்க மாட்டேன்.

ஷீல்டும் பொய்தான். பின்னல் என்று சொன்னது, நாலைந்து இழையைச் சுற்றிவிட்டதுதான். மேலுறையை உரித்தால் இழைகளுக்கு நடுவே உள்ளே இருக்கும் கம்பியின் நிறம் அப்படியே தெரிந்தது. மேசையில் போன் இருந்தால் ஸ்பீக்கரில் டிக் டிக் என்று சத்தம்.

சரி, இனி வாங்குபவர்கள் என்ன செய்யலாம்? மாதிரித் துண்டைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். உங்களுக்கு வெட்டித் தந்த சுருளின் நுனியைக் காசு கொடுக்க முன் அங்கேயே உரியுங்கள். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டுங்கள். ஒன்று கவனம்: தகரம் பூசிய செம்புக் கம்பி வெளியே வெள்ளியாக இருக்கும், சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். அது நல்ல சரக்கு, அதைப் பிழையென்று தள்ளிவிட வேண்டாம். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளி என்றால்தான் கள்ளம். காந்தம் இந்தச் சோதனைக்கு உதவாது. இரும்பு கலந்ததைத்தான் அது பிடிக்கும், அலுமினியத்தைப் பிடிக்காது. கையில் தூக்கிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். செம்பின் அடர்த்தி கன சென்டிமீற்றருக்கு 8.96 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம். ஆகவே கள்ளக் கம்பி இலேசாக இருக்கும். கடையில் அயன் இருந்தால் ஒரு நுனிக்கு ஈயம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மைச் செம்பு விற்கிறவர் அதற்குத் தயங்கமாட்டார்.

செம்பு பூசிய கம்பியே கூடாத பொருள் என்று நான் சொல்லவில்லை. உயர் அதிர்வெண் சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பதால், டிவி அன்டெனா கேபிளில் செம்பு பூசிய இரும்பைத் தெரிந்தேதான் போடுகிறார்கள். அதை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும். ஸ்பீக்கருக்கோ வீட்டு மின்சாரத்துக்கோ இதே கள்ளக் கம்பியைச் செம்பென்று விற்றால் கதை வேறு. அங்கே ஓடும் மின்னோட்டம் பெரிது, தடை கூடினால் சூடேறும். வீட்டு வயரிங்கில் அது உயிர் போகிற விஷயம்.

பேட்ச்பேக்கு என்ன கேபிள் என்று பலர் கேட்கிறார்கள். பலகைக்குப் பின்னால் கேபிள் ஒருமுறை போட்டால் அசையாது. ஆகவே முழுவதும் மூடும் உலோகத் தாள் ஷீல்டும் கூடவே ஓர் ஏர்த் கம்பியும் உள்ள, இரண்டு கம்பி முறுக்கிய மெல்லிய கேபிள் போதும். கம்பியின் தடிப்பு 24 அல்லது 26 கேஜ் தாராளம். அடிக்கடி சுருட்டி விரிக்கிற மைக் கேபிளுக்குத் தாள் ஷீல்ட் வேண்டாம், வளைய வளைய அது கிழியும். அங்கே நெருக்கமான பின்னல் நல்லது. நாலு கம்பிக் கேபிள், உதாரணமாக கனாரேயின் எல்-4இ6எஸ், டிரான்ஸ்போமர் பக்கத்து ஹம்மை நன்றாக அடக்கும். ஆனால் 6 மில்லிமீற்றர் தடிப்பில் 48 கேபிள் ஒரு பலகைக்குப் பின்னால் நின்றால் கை நுழையாது. மைக்குக்கு அதை வையுங்கள். ‘ஒக்சிஜன் இல்லாச் செம்பு’ என்று கூடக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். சாதாரண மின்கம்பிச் செம்பின் கடத்துதிறனும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் காசை ஈயத்தின் சூட்டில் உருகி ஓடாத உள்ளுறை உள்ள கேபிளுக்குக் கொடுங்கள், வேலை பாதியாகக் குறையும்.

48 வோல்ட் பான்டம் (கேபிள் வழியாகவே மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம்) போகும் மைக் வழியை இந்தப் பெரிய ஜாக் பேட்ச்பேயில் கொண்டுவராதீர்கள். பிளக்கைச் செருகும்போது முனைகள் ஒன்றையொன்று தொடும், பிரீஅம்புக்கு ஆபத்து. மைக் நேராகப் பிரீஅம்புக்குப் போகட்டும், அதற்குப் பிறகு வரும் லைன் சிக்னல் பலகைக்கு வரட்டும்.

நான் கொழும்பிலிருந்து வேறு கேபிள் எடுப்பித்து, பழையதை முழுவதும் கழற்றிவிட்டு மறுபடி செய்தேன். இப்போது மழை நாளிலும் சத்தமில்லை.

முறைப்பாடு பற்றி: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் கடமை. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பில்லில் வெறுமனே ‘மைக் வயர்’ என்று எழுத விடாதீர்கள். ‘செம்பு, அலுமினியம் கலக்காதது’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடலாம். என் பில்லில் செம்பு என்று இருந்ததால்தான் முறையிட எனக்குக் கையில் ஏதோ இருந்தது. மிஞ்சிய சுருளையும் கழற்றிய நுனிகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். இதே மாதிரிக் கேபிள் வாங்கி ஈயம் பிடிக்காமல் தவிப்பவர்கள் இருந்தால், பில்லையும் மேலுறை எழுத்துத் தெரியும்படி ஓரடித் துண்டையும் எறியாமல் எடுத்து வையுங்கள். முறையிடும்போது இரண்டும் தேவைப்படும்.