சைகோன் பாடகிகளின் பழைய இசைத்தட்டு வாங்கப் போகிறீர்களா? பணம் போடும் முன் இதைப் படியுங்கள்

ஃபூங் தாம், கான் லீ, பா கோன் மெயோ பெண்கள் குழு என்று அந்தக் காலத்து சைகோன் (வியட்நாமில் இன்றைய ஹோ சி மின் நகரம்) பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்பவர்கள் நம்மிடையே கொஞ்சம் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. "1975-க்கு முந்தைய ஒரிஜினல்" என்று சொல்லி ஹோ சி மின் நகரத்தில் விற்கப்படும் சின்ன இசைத்தட்டுகளில் போலிகளும் கலந்திருக்கின்றன. அதில் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் வாங்கியது ஃபூங் தாம் பாடியது. அறுபதுகளில் சைகோன் இரவு விடுதிகளில் ட்விஸ்ட், ராக் அண்ட் ரோல் பாடிக் கலக்கியவர். 1966-இல் கல்யாணத்தோடு பாட்டை விட்டார், 1975-இல் அமெரிக்கா போய்விட்டார். அப்புறம் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அவருடைய மகள் முயற்சி எடுத்து, பழைய தட்டுகளைத் தேடிச் சேர்த்த பிறகுதான் 2021-இல் சப்ளைம் ஃப்ரீக்வென்சீஸ் நிறுவனம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவருடைய அசல் தட்டு ஒன்றாவது கையில் வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்தத் தட்டுகள் ஏன் அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1975-இல் வட வியட்நாமின் கம்யூனிஸ்ட் படையிடம் சைகோன் வீழ்ந்த பிறகு தென் வியட்நாமின் பழைய பாட்டுகளுக்குத் தடை வந்தது. தட்டுகளையும் டேப்புகளையும் பறிமுதல் செய்து அழித்தார்கள். பயந்துபோய் மக்களே தூக்கிப்போட்டதும் உண்டு. தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். அதனால்தான் இந்த விலை, அதனால்தான் இந்த மோசடியும்.

வேலைக்காக நான் இங்கேதான் இருக்கிறேன். விற்றவர் ஆன்லைனில் பழைய பொருள் கடை நடத்துபவர். விலை 30 லட்சம் டாங், நம் பணத்தில் சுமார் பத்தாயிரம் ரூபாய். படங்கள் அருமையாக இருந்தன. நடு லேபிளில் பழைய சொந்தக்காரர் நீலப் பேனாவால் போட்ட கையெழுத்து, ஓரத்தில் ஒரு மடிப்பு, உறையில் மஞ்சள் கறை. ஓடவிட்டு ஒரு வீடியோ அனுப்புங்கள் என்றேன். பிளேயர் பழுது என்றார். வேறு இருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்றே முழுப் பணமும் போட்டால் உங்களுக்குத்தான் என்று ஸாலோ என்ற செய்தி ஆப்பில் க்யூஆர் கோடு அனுப்பினார். போட்டேன்.

தட்டு வந்தது. கையில் எடுத்ததுமே கனம் இல்லை. லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த நீலக் கையெழுத்து மையே இல்லை, பொடிப்பொடிப் புள்ளிகள். மடிப்பின் மேல் விரலை ஓட்டினால் வழவழவென்று இருக்கிறது. யாரிடமோ இருக்கும் அசல் லேபிளைக் கையெழுத்து, மடிப்பு எல்லாவற்றோடும் ஸ்கேன் செய்து அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் எண் எதுவும் இல்லை, சுத்த வழுவழுப்பு. பழைய தட்டுகளில் அங்கே எண் பொறித்திருப்பது வழக்கம்.

சரி, ஊசியை வைத்தேன். கரகரப்பு இருந்தது. ஆனால் முதல் சரணத்தில் ஒரு சொல்லுக்கு நடுவே 'டக்' என்று ஒரு வெட்டு. அந்த வெட்டை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யூடியூபில் யாரோ ஏற்றிவைத்திருந்த பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். அதே சொல், அதே இடம், அதே 'டக்'. யூடியூபிலிருந்து இறக்கிய பாட்டைப் புதுத் தட்டில் வெட்டி, அறுபது வருடப் பழசு என்று விற்றிருக்கிறார்கள்! எனக்கு வயிறு எரிந்தது. பணத்துக்காக மட்டுமல்ல. ஒருமுறை அழிக்கப்பட்டு, ஒவ்வொன்றாகத் தேடி மீட்கப்படும் பாட்டுகள் இவை. அதற்குள் போலியைக் கலந்தால் நாளை எது அசல் என்று யார் சொல்வது?

கடைக்காரருக்குப் படங்களோடு எழுதினேன். "பழசு என்றால் அப்படித்தான் இருக்கும், தம்பி" என்று முதலில் கொஞ்சினார். இரண்டு ஒலிகளையும் அடுத்தடுத்து அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார். நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திரும்ப எடுக்க முடியாது என்று வங்கியில் கைவிரித்துவிட்டார்கள்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஒரு பக்கம் முழுதும் ஓடும் வீடியோ கேளுங்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, அந்த வெற்று வளையத்தை நெருக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். பிளேயர் பழுது என்றால் விட்டுவிடுங்கள். இங்கே கூரியரில் பொருளைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும் வசதி உண்டு, அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்கவே வேண்டாம். இன்னொன்று: கான் லீயின் 'சன் கா 7' பாடல் தொகுப்பு 1974-இல் டேப்பாகத்தான் வந்தது. அதை "1974 ஒரிஜினல் இசைத்தட்டு" என்று யாராவது நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ஸாலோ உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழித்துவிடாதீர்கள். குடியிருக்கும் பகுதியின் போலீஸில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். என் புகாரை இந்த வாரம் கொடுக்கிறேன், தட்டையும் சேர்த்து.