‘மூன்றே நாளில் பயம் போய்விடும்’ என்றவரிடம் நாங்கள் ஏமாந்த கதை

வாக்குவம் கிளீனர், மிக்சி, ஹேர் டிரையர் என்று எதைப் போட்டாலும் மிரளும் நாய் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதைச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது பணம். அதைக்கூட மறந்துவிடலாம். எங்கள் மல்லி முன்பு எதற்குப் பயந்தாளோ அது ஒன்றுதான். இப்போது அது ஐந்தாகிவிட்டது.

மல்லி வளர்ந்த பிறகு எங்களிடம் வந்தவள். குட்டிகள் பிறந்து 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை எந்தெந்தச் சத்தத்தோடு பழகுகின்றனவோ, அவையெல்லாம் பிற்பாடு அவற்றுக்குச் சாதாரணமாகத் தெரியும். அந்த வாரங்களில் இவள் எங்கே, எப்படி இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. மிக்சி ஓடினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். வாக்குவம் கிளீனர் வாங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. மிக்சியாவது ஒரே இடத்தில் நின்று கத்தும். இது கத்திக்கொண்டே அவளை நோக்கி வருகிறது. கொஞ்ச நாளில், அதை வைத்திருக்கும் அலமாரிக் கதவு கிறீச்சிட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ள ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஒரு பயிற்சியாளரின் வீடியோவைப் பார்த்தேன். முதல் பாதியில் ஒரு நாய் மெஷினைப் பார்த்துக் குரைத்துத் தாவி ஓடுகிறது. இரண்டாம் பாதியில் அதே நாய், மெஷின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, சிலை போல் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் ‘சிலை போல்’ என்பதில்தான் விஷயமே இருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

போன் செய்தேன். “மூணு நாள் போதும் மேடம், கேரண்டி” என்றார். என்ன முறையில் செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “அது தொழில் ரகசியம் மேடம்” என்று சிரித்தார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பயிற்சியின்போது நாங்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது என்றார். “நீங்க இருந்தா உங்ககிட்ட ஓடி வந்துடும், பயிற்சி கெட்டுடும்.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

முதல் நாள் அவளைக் குளியலறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தி மெஷினைப் போட்டார். நான் வெளியே நின்றேன். முதலில் குரைப்பு, அப்புறம் கதவைப் பிறாண்டும் சத்தம், அப்புறம் ஒரு மாதிரி ஊளை. கடைசியில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வெளியே வந்தவர், “பாத்தீங்களா, அடங்கிட்டா” என்றார். கதவின் உள்பக்கம் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பெயின்ட் உரிந்திருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் மெஷின் பக்கத்தில் மல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். கேமரா முன் நிற்க வைத்து என்னை நன்றி சொல்லச் சொன்னார், சொன்னேன். அந்த வீடியோவைப் பார்த்து இன்று வேறு யாராவது அவருக்குப் போன் செய்துகொண்டிருக்கலாம். இந்தப் பதிவை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. களைப்பு என்று நினைத்தேன். அந்த வாரமே வாஷிங் மெஷின் வேலை முடிந்து ‘பீப்’ என்றதும் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டாள். ஹேர் டிரையர், எக்ஸாஸ்ட் ஃபேன், கடைசியில் மைக்ரோவேவ் கதவு திறக்கும் சத்தம் வரை பயப்பட ஆரம்பித்தாள். குளியலறைப் பக்கமே வரமாட்டேன் என்றாள். கழுத்தைத் தடவியபோது முடிக்கு அடியில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. விலக்கிப் பார்த்தால், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவந்த புள்ளிகள். ‘ட்ரெய்னிங் பெல்ட்’ என்று அவர் மாட்டிவிட்டது மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டை என்று அப்போதுதான் புரிந்தது. வேல்ஸில் 2010 முதல் அந்தப் பட்டைக்குத் தடை இருக்கிறது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், நாய்ப் பயிற்சிக்கு வெகுமதி முறை மட்டுமே போதும், வலியும் மிரட்டலும் எந்த நாய்க்கும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பேன்.

அவர் செய்ததற்கு ஒரு பெயர் உண்டு. பயப்படும் பொருளை முழு வேகத்தில் தலைமேல் கொட்டி, தப்பிக்க வழியில்லாமல் அடைத்து வைப்பதைப் ‘ஃபிளடிங்’ என்பார்கள். வெள்ளத்தில் அமுக்குவது போலத்தான். நாய் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பயம் தீர்ந்ததால் அல்ல, என்ன செய்தாலும் பலனில்லை என்று விட்டுவிட்டதால். 1967-ல் செலிக்மேன், மேயர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை நாய்களை வைத்தே காட்டினார்கள். தப்பிக்க முடியாத அதிர்ச்சிக்குள்ளான நாய்களில் பல, பிறகு தப்பிக்கும் வழி திறந்திருந்தும் எழுந்து போகாமல் படுத்தே கிடந்தன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு அந்த மூன்றாம் நாள் வீடியோவை, சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன். நீங்களும் இப்படிப் பாருங்கள், எந்தப் பயிற்சியாளரின் வீடியோவாக இருந்தாலும் சரி. காது பின்னால் ஒட்டியிருக்கிறது. வால் வயிற்றுக்கு அடியில். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை போலத் தெரிகிறது. பக்கத்தில் தின்ன எதுவும் இல்லாதபோதே நாக்கு திரும்பத் திரும்ப மூக்கை நக்குகிறது. நடுவில் ஒரு கொட்டாவி. அது தூக்கக் கொட்டாவி இல்லை. முன்னங்கால் ஒன்று தரையைத் தொடாமல் தூக்கியபடி நிற்கிறது. இத்தனையையும் நேரில் பார்த்துக்கொண்டேதான் நான் நன்றி சொல்லியிருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “வீட்ல நீங்க கொஞ்சிட்டீங்க மேடம், அதான் பயம் திரும்பிடுச்சு” என்றார். பலரும் நம்பும் பொய் இது, நானும் இரண்டு நாள் நம்பிக் குற்ற உணர்ச்சியில் அவளைத் தொடாமலே இருந்தேன். பயம் ஓர் உணர்ச்சி. ‘உட்கார்’ என்றால் உட்கார்வது போன்ற பழக்கம் இல்லை அது. பயந்து ஒண்டி வரும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகிவிடாது. நாமும் பதறிக் கூச்சல் போடாமல் இருந்தால் போதும். ரசீதாவது கொடுங்கள் என்றேன். கைகூப்பும் எமோஜி ஒன்று வந்தது, அப்புறம் பிளாக் செய்துவிட்டார்.

இன்னொருவர் “அமைதி மாத்திரை” என்று லேபிள் இல்லாத டப்பா ஒன்றை விற்கப் பார்த்தார், வாங்கவில்லை. நல்லதாகப் போயிற்று. அசிப்ரோமசின் போன்ற சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நாய் அமைதியாகத் தெரியும், மறுபடியும் சிலைதான். மருந்து வேண்டுமென்றால் கால்நடை மருத்துவர் பார்த்துத் தரட்டும்.

முதலிலேயே போயிருக்க வேண்டிய இடமும் அதுதான். மருத்துவர் மல்லியின் இடுப்பை அழுத்திப் பார்த்ததும் அவள் வெடுக்கென்று திரும்பினாள். மூட்டு வலி. வலி இருக்கும் நாய், சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது தசை இறுகி வலி இன்னும் கூடும். பிறகு சத்தமும் வலியும் மனதில் ஒன்றாகிவிடும். 2018-ல் 20 நாய்களை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு, சத்தப் பயத்துக்குப் பின்னால் வலி ஒளிந்திருக்கலாம் என்று எச்சரிக்கிறது. ‘பீப்’ ஏன் அவளை அவ்வளவு உலுக்குகிறது என்பதும் அங்கே புரிந்தது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். 386 பேரிடம் கேட்டு 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலைவிட, விட்டுவிட்டு வரும் கீச்சொலிகள்தான் நாய்களை அதிகம் பதற வைக்கலாம் என்கிறது. பேட்டரி தீரப்போகும் புகை அலாரம் ‘கீச்’ என்பதை நாம் பொருட்படுத்துவதில்லை, நாயோ அறையை விட்டே ஓடும்.

இப்போது செய்வது பழைய முறைதான். 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு பயந்த ஒரு குழந்தைக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்தபடி, முயலைத் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயத்தைப் போக்கியிருக்கிறார். ரகசியம் ஒன்றும் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். மெஷினை பிளக்கில் செருகாமல் ஹாலின் கோடியில் வைத்தோம். அவள் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. சில நாள் கழித்து, ஓடாத மெஷினை நான் ஓர் அடி நகர்த்துவேன், மறுபடி கோழி. சத்தத்தை இதிலிருந்து தனியாகப் பிரித்துக்கொண்டோம். இரண்டு கதவு தாண்டிய அறையில் மெஷின் ஓரிரு நொடி ஓடும். வரிசை முக்கியம், முதலில் சத்தம், அதன் பிறகுதான் தீனி. மாற்றிச் செய்தால் கோழி வரும்போதெல்லாம் ‘இதோ சத்தம் வரப்போகிறது’ என்று தீனியையே சந்தேகிக்க ஆரம்பித்துவிடும். நான் ஒருமுறை அவசரத்தில் மாற்றிச் செய்து, ஒரு வார உழைப்பு வீணானது. கோழியை அவள் வாங்க மறுத்தால், நாம் எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள், உடனே தூரத்தைக் கூட்ட வேண்டும். செல்போனில் பதிவுசெய்த சத்தத்தை ஆரம்பத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் உண்மையான மெஷினின் கீச்சும் வராது, தரை அதிர்வும் வராது. வீட்டைச் சுத்தம் செய்யும் நாளில் யாராவது அவளை நடக்கக் கூட்டிப் போய்விடுவார்கள். பயிற்சியின் நடுவே ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால், சேர்த்ததெல்லாம் போய்விடும்.

இனி பயிற்சியாளர் யாராவது வந்தால் நான் கேட்கப் போவது, “நாய் தவறாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும்?” என்ற ஒரு கேள்வியைத்தான். ரகசியம் என்றால் அங்கேயே பேச்சு முடிந்தது. என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னாலும் முடிந்தது. நாள் கணக்கு சொல்லி கேரண்டி கொடுப்பவரிடம் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்க வேண்டியதில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. குளியலறைக்குள் இன்னும் வரமாட்டாள், வெளியே வைத்துத்தான் குளிப்பாட்டுகிறோம். வாஷிங் மெஷின் ‘பீப்’பை அணைத்துவைத்துவிட்டோம். நேற்று மெஷின் ஹாலில் சும்மா கிடந்தது. மல்லி அதைச் சுற்றிக்கொண்டு போனாள், திரும்பி வந்து குழாயின் நுனியை ஒருமுறை மோந்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்று கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜுக்கு ஓடினேன்.